ராசாவுக்குப் பக்கத்தில் நிற்பவர்

சதுரங்கத்தில் ராசா செத்ததே கிடையாது. நாலு பக்கமும் வழி அடைபட்டதும் ஆட்டம் முடிந்துவிடுகிறது. கை கொடுத்துவிட்டு எழும்பிவிடுகிறோம். வெட்டுப்படுகிறதும் பெட்டிக்குள் போகிறதும் மற்றவர்கள்தான். அவர்களுக்குள்ளே முதலாவதாக நிற்பவர் ராசாவுக்குப் பக்கத்தில் இருப்பவர். மந்திரியாகப் பிறந்து, ராணியாகி, பிறகு பலகையிலேயே பயங்கரமான காயாக மாறியவர். அந்தக் காயின் வரலாற்றில் பாதி, நான் வேலைக்குப் போய்வருகிற இந்தச் சூரிச் நகரத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது.

நான் சரித்திரம் படித்தவனல்லன், சமையல்காரன். பருத்தித்துறையில் சித்தப்பாவிடம் ஆட்டம் பழகியவன். இங்கே ஓய்வு நாளென்றால் லிண்டன்ஹோஃப் மேட்டுக்கு ஏறிவிடுவேன். லிம்மாட் ஆற்றுக்கு மேலே, லிண்டன் மரங்களுக்குக் கீழே, நிலத்தில் பெரிய சதுரங்கக் கட்டம் போட்டிருக்கிறார்கள். காய்கள் முழங்கால் உயரம். ஆட்டக்காரன் கட்டத்துக்குள்ளே நடந்துபோய் இரண்டு கையாலும் தூக்கி வைக்கவேண்டும். அங்கே ஒன்றைக் கவனித்திருக்கிறேன். ராணியின் கழுத்தில் கை பட்டுப் பட்டுச் சாயம் தேய்ந்திருக்கும். ராசாவினது கழுத்து நேற்றுக் கடையிலிருந்து வந்ததுபோல இருக்கும்.

ஆதியில் அந்தக் கழுத்து தேய வழியே இருக்கவில்லை. 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் ஹர்ஷரின் ஆட்சியைப் புகழும்போது சதுரங்கத்தைப் பேச்சோடு பேச்சாகக் குறிப்பிடுகிறார்; அதற்குள் ஆட்டம் ஊரறிந்த ஒன்றாகிவிட்டது. பாரசீகத்துக்கு அது போன கதையிலும் ஒரு மந்திரி வருகிறார். இந்திய அரசன் அனுப்பிய பலகையின் சூட்சுமத்தை அவிழ்த்தவர் குஸ்ரோ அனுஷிர்வானின் மந்திரி புஸூர்க்மிஹ்ர் என்று பாரசீகர் எழுதிவைத்தார்கள். கதையில் மந்திரி அவ்வளவு கெட்டிக்காரர். பலகையிலோ அவருக்குக் கொடுத்தது மூலைவாக்கில் ஒரே ஒரு கட்டம். பாக்தாத் ஆட்டக்காரர்கள் காய்களுக்குத் திர்ஹம் கணக்கில் விலை போட்டார்கள்: மூலையில் நிற்கிற ருக், அதாவது இன்றைய கோட்டை, ஒரு திர்ஹம், குதிரை அதில் மூன்றில் இரண்டு, மந்திரி மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட. ராசாவின் தோளோடு தோள் நிற்பவர், குதிரையில் பாதி விலை.

அந்தப் பலவீனமான மந்திரியை வைத்துத்தான் உலகத்தின் மிகப் பிடிவாதமான புதிர் ஒன்று பிறந்தது. அப்பாசிய அரசவையில் ஆடிய அஸ்-ஸூலி 946இல் இறந்தவர். அவர் விட்டுப்போன ஒரு நிலையில் பலகையில் நாலே காய்கள்: இரண்டு ராசா, இரண்டு மந்திரி. அந்தக்கால விதிப்படி எதிரியின் ராசாவைத் தனிமரமாக்கினாலும் வெற்றி. ஆகவே எதிரியின் மந்திரியைப் பிடித்தால் போதும். நான் சொல்லிக்கொடுத்தவனைத் தவிர இதை விடுவித்தவன் எவனும் இல்லை என்று அவர் எழுதியதாகச் சொல்வார்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அது அப்படியே கிடந்தது. அதை யார் விடுவித்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அவர் சூரிச்சில் அடிபட்டவர்.

எங்கள் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. 1790இல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவிலிருந்து எழுதிய கட்டுரையில், இலங்கை வேந்தன் இராவணனின் மனைவி, இராமன் நகரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில் கணவனின் மனத்தை ஆற்ற இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தாள் என்று இந்தியாவில் சொல்லக் கேட்டதாகக் குறிப்பிடுகிறார். சரித்திரமாக அதை நம்பவேண்டியதில்லை. ஆனால் கதை கட்டியவனுக்குப் போர் தெரிந்திருக்கிறது. அந்த முற்றுகையில் பிரகஸ்தன், கும்பகர்ணன், அதிகாயன், இந்திரஜித் என்று ஒருவர் பின் ஒருவராக விழுந்து, கடைசியாகத்தான் இராவணன். கொடியவன் என்று பேர் எடுத்தவனுக்கு முன்னே எத்தனை பேர் தலை கொடுக்கவேண்டியிருக்கிறது!

இனி சூரிச்சுக்கு வருவோம். இங்கிருந்து ரயிலேறி, வேடன்ஸ்வில்லில் மாறினால், ஐன்சீடெல்ன். கறுப்பு மாதாவின் கோயில் உள்ள ஊர். சைவர்கள், கத்தோலிக்கர் என்ற பேதமில்லாமல் எங்கள் ஆட்கள் நேர்த்திக்குப் போகிற இடம். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுத் திரும்புகிறவர்களில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி, அங்குள்ள மடத்து நூலகத்தில் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதப்பட்ட 98 வரி இலத்தீன் பாட்டு. ஐரோப்பாவில் சதுரங்கத்தைப் பற்றி எழுதியவற்றில் நமக்குக் கிடைத்திருப்பதில் ஆகப் பழையது அதுதான். அதிலேயே மந்திரியைக் காணவில்லை. அவர் நின்ற கட்டத்தில் ராணி நிற்கிறாள்.

நடை மாறவில்லை. அதே மூலைவாக்கு, அதே ஒரு கட்டம். ஆள்தான் மாறியிருக்கிறது. சிப்பாய் கடைசிக் கட்டத்தை எட்டினால் ராணியாகலாம் என்கிறது பாட்டு; ஆனால் முதல் ராணி வெட்டுப்பட்டிருந்தால் மட்டுந்தான். ஒரு ராசாவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெண்சாதி இருப்பதை அந்த மடத்துத் துறவியால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மந்திரியாக இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது. எத்தனை மந்திரி வைத்திருந்தாலும் யாரும் பாவம் என்று சொல்லப்போவதில்லை.

ஏன் ராணி? அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட பேரரசில் என்ன நடந்தது என்று பார்த்தால் ஓரளவு விளங்கும். 983இல் மூன்றாம் ஒட்டோ ராசாவானபோது வயது மூன்று. பையனுக்காக ஆட்சியை நடத்தியவர் தாய் தெயோஃபானு. 991இல் அவர் இறக்க, பாட்டி அடெல்ஹைட் 994வரை நடத்தினார். ராசாவுக்கு அடுத்த இடத்தில் இருப்பது யார் என்று அந்தத் தலைமுறையிடம் கேட்டிருந்தால், ‘மந்திரி’ என்ற பதில் வந்திராது. பலகையில் ராணி ஏறியதற்கு இந்த இரண்டு பெண்களும் காரணமாக இருக்கலாம் என்று எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

சூரிச்சுக்கும் பெண் ஆட்சி புதிதல்ல. ஜேர்மன் லுட்விக் என்ற ராசா 853இல் தன் மகள் ஹில்டெகார்டுக்காக எழுப்பிய ஃப்ராவ்முன்ஸ்டர் மடத்தின் தலைவிதான் பின்னாளில் நகரத்துக்கும் தலைவி. நாணயம் அடிக்கிற உரிமைகூட அவரிடம் இருந்தது. 1524இல் கடைசித் தலைவி கத்தரீனா ஃபொன் சிம்மெர்ன் மடத்தை நகரசபையிடம் கையளிக்கும்வரை அந்தப் பதவி நீடித்தது. மடத்தின் செல்வாக்கு உச்சத்தில் இருந்த காலத்தை ஒட்டித்தான், 1300க்கும் 1340க்கும் இடையில், மானெஸ்ஸே குடும்பம் திரட்டிய காதல் பாட்டுகளுக்கு 137 ஓவியங்களோடு ஒரு பெரும் ஏட்டைச் சூரிச்சில் உருவாக்கினார்கள். இன்று அது ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில். அதில் ஓர் ஓவியத்தில் பிராண்டன்பூர்க் பிரபு நான்காம் ஒட்டோ ஒரு பெண்ணோடு சதுரங்கம் ஆடுகிறார். கீழே வாத்தியக்காரர்கள். பலகைக்கு இரு பக்கமும் ஆணும் பெண்ணும் சரிக்குச் சரி.

இதே காலத்தில், ரைன் நதிக்கரையில் உள்ள ஸ்டைன் ஆம் ரைன் என்ற சின்ன ஊரில் கொன்ராட் ஃபொன் அம்மன்ஹவுசன் என்ற பாதிரியார் சதுரங்கத்தைப் பற்றி ஒரு நெடும்பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். 1337இல் முடித்தபோது 19,000 வரிகளுக்கும் மேல். இத்தாலிய டொமினிக்கன் துறவி ஜாக்கோபுஸ் தெ செஸ்ஸோலிஸ் எழுதிய உரைநடைதான் அதற்கு மூலம். அந்த நூலில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு தொழில்: உழவன், கொல்லன், வியாபாரி, வைத்தியன், சத்திரக்காரன், காவற்காரன் என்று. சத்திரக்காரனும் எட்டுப் பேரில் ஒருவன் என்று வாசித்ததிலிருந்து, லிண்டன்ஹோஃபில் என் தொழில்காரச் சிப்பாயை நான் லேசில் பலி கொடுப்பதில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது மூலையில் நிற்கிற ருக். ராசாவின் சார்பில் ஊர் ஊராகப் போய் ஆட்சி செய்கிற பிரதிநிதிகள் என்று அந்த நூல் அவற்றைச் சொல்கிறது. மந்திரியின் இடத்துக்கு ராணி வந்தாள். மந்திரியின் அதிகாரம் மூலைக்குப் போயிற்று. பலகை முழுவதும் நேர்கோட்டில் பாய்கிற அதிகாரம். 1337இல் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ராசாவின் பிரதிநிதி யார் என்று சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை. வரி கேட்டு வந்தவனும் வழக்குத் தீர்த்தவனும் அவன்தான்.

லிண்டன்ஹோஃபில் நாங்கள் ஆடுகிற கட்டத்துக்குக் கிட்ட ஒரு நீரூற்று இருக்கிறது. மேலே கவசம் பூண்ட பெண் சிலை. 1912இல் வைத்தது. 1292இல் சூரிச் படை வின்டர்தூரில் தோற்றுவிட, ஆஸ்திரியப் பிரபு அல்பிரெக்ட் நகரைச் சூழ்ந்துகொண்டான். ஆண்கள் போதாத நிலையில் பெண்கள் கவசம் மாட்டி, ஈட்டி பிடித்து இந்த மேட்டில் அணிவகுக்க, புதுப்படை வந்துவிட்டது என்று அவன் விலகிப்போனான் என்பது கதை. முற்றுகை நேரத்தில் பெண் போட்ட திட்டம் என்பதால் இலங்கைக் கதைக்கு இது ஒருவகையில் தங்கச்சி.

அந்த அல்பிரெக்ட் 1298இல் ஜேர்மானிய ராசாவானான். சுவிஸ் மக்களின் நினைவில் அவன்தான் கொடுங்கோலன். ஆனால் வில்லாளி வில்ஹெல்ம் டெல்லின் கதையில் அவன் எங்கே? மேடைக்கே வருவதில்லை. கம்பத்தில் தொப்பியை மாட்டி வணங்கச் சொன்னவனும், மகனின் தலையில் அப்பிள் வைத்து எய்யச் சொன்னவனும், கடைசியில் அம்பு பட்டுச் செத்தவனும் அவனுடைய பிரதிநிதி கெஸ்லர். இந்தக் கதை நமக்குக் கிடைக்கிற முதல் எழுத்து, 1470களில் எழுதிய சார்னென் வெள்ளைப் புத்தகம். கெஸ்லர் என்ற ஓர் அதிகாரி, டெல் கதை நடக்கிற ஊரியில் இருந்ததற்கு அந்தக் காலத்துப் பத்திரம் ஒன்றும் இல்லை. நிஜ அல்பிரெக்ட் 1308 மே 1ஆம் திகதி விண்டிஷ் அருகே செத்தான். கொன்றது சொந்தத் தம்பி மகன். காரணம் சொத்துத் தகராறு. ராசாவைக் கொன்றவன் சொந்தக்காரன். ஜனங்கள் தாங்களே கொன்றதாக வைத்துக்கொண்டது ராசாவுக்கு இரண்டாமவனான கெஸ்லரை. கண்ணால் பார்த்தவனைத்தானே வெறுக்கமுடியும்? ராசாவின் முகத்தை நாணயத்தில் மட்டும் பார்த்தவர்கள் அவர்கள்.

சீட்டுக்கட்டில் இந்தக் கணக்கு இன்னும் துலக்கமாகத் தெரியும். 1377இல் இந்த ரைன் வட்டாரத்தில் எழுதிய ரைன்ஃபெல்டன் யோஹானஸ் என்ற துறவி, அப்போது புதிதாக வந்த சீட்டுக்கட்டை விவரிக்கிறார்: ஒவ்வொரு இனத்திலும் ஒரு ராசா, அவருக்குக் கீழே இரண்டு படைத்தலைவர்கள். ஒருவர் அடையாளத்தை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார், மற்றவர் கீழே. அந்த இரண்டு பேரும் இன்றைக்கும் சூரிச் சீட்டில் ஓபர், உண்டர் என்று உயிரோடிருக்கிறார்கள். ராணிக்கு அதில் இடமே இல்லை. வேலை முடிந்து அடுப்பைத் துடைத்த பிறகு நாங்கள் ஆடுகிற யாஸ் ஆட்டத்தில், சாதாரண உண்டருக்கு இரண்டு புள்ளி, ராசாவுக்கு நாலு. ஆனால் அந்த உண்டர் துரும்பு இனத்தில் வந்துவிட்டால் 20 புள்ளி, ராசா உட்பட எல்லாரையும் அடிக்கும். அதற்கு அடுத்தது துரும்பு ஒன்பது, 14 புள்ளி.

முதல்முதல் ஒரு சுவிஸ் சமையல்காரர் இதை எனக்கு விளக்க முயன்றபோது, பாதியிலேயே சிரித்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுத் திண்ணையிலும் ஆடுகிற முன்னூற்றிநாலுக்கு இது சகோதரம். அங்கே ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசா வெறும் மூன்று. யாஸ் சுவிசுக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டின் முடிவில், டச்சுக்காரர் வழியாக. யாழ்ப்பாணத்தை 1658இலிருந்து 1795வரை ஆண்டவர்களும் டச்சுக்காரர்தான். தென்னாசியாவின் இந்த வகை ஆட்டங்களை அவர்களே விதைத்திருக்கலாம் என்று சீட்டாட்ட வரலாறு எழுதுகிறவர்கள் கருதுகிறார்கள். ராசாவை அவருடைய சேவகன் அடிக்கலாம் என்ற விதியை நானும் அந்தச் சுவிஸ்காரரும் ஒரே கடையில் வாங்கியிருக்கிறோம் போல.

கெஸ்லரும் சீட்டில் ஏறினார், சுவிசில் அல்ல, ஹங்கேரியில். 1830களில் பெஸ்ட் நகரத்தில் யோசெஃப் ஷ்னைடர் அச்சடித்த கட்டில் ஓபர்களும் உண்டர்களும் டெல் கதையின் பாத்திரங்கள். இதய இனத்து ஓபர், கெஸ்லர். அக்கோர்ன் இனத்தில் ஓபர் டெல். அவருக்குக் கீழே உண்டராக நிற்பது கெஸ்லரின் ஆளான ருடோல்ஃப் ஹராஸ். ராசாக்கள் மட்டும் பெயரில்லாத ராசாக்கள். அல்பிரெக்டின் வம்சமான ஹாப்ஸ்பூர்க் ஆட்சிக்குக் கீழே இருந்த ஊரில் ராசாவுக்குப் பெயர் எழுத எவன் துணிவான்?

சதுரங்க ராணிக்கு ஐந்நூறு ஆண்டாக இருந்த கால்விலங்கை ஸ்பெயினில் கழற்றினார்கள். 1475ஐ ஒட்டி வலென்சியாவில் மூன்று கவிஞர்கள் சேர்ந்து எழுதிய ஒரு பாட்டில்தான் புது நடையைப் பார்க்கிறோம்: எட்டுத் திக்கும், எத்தனை கட்டமும். 1497இல் சலமங்காவில் அச்சான லூசேனாவின் புத்தகம் பழைய ஆட்டத்தையும் புதிய ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. இசபெல்லா காஸ்டிலின் அரியணையில் ஏறியது 1474இல். மறுபடியும் ஒரு ராணி. மறுபடியும் வரலாற்றாசிரியர்களின் ஊகம். கொஞ்ச நாளிலேயே பழைய ஆட்டம் ஐரோப்பாவில் மறைந்துபோயிற்று. இத்தாலியர்கள் புதியதை ‘வெறிபிடித்த’ சதுரங்கம் என்றார்கள்.

வெறிபிடித்த அந்தக் காயைக் கொடுத்து ஆட்டத்தை முடிப்பதுதான் அன்றிலிருந்து சதுரங்கத்தின் பெரிய அலங்காரம். அதற்கும் சூரிச் பேர்போன இடம். இங்குள்ள சதுரங்கக் கழகம் 1809இல் தொடங்கியது. இன்றும் இயங்குகிறவற்றில் உலகத்திலேயே பழையது என்று பேர். அதன் 125ஆம் ஆண்டுக்கு 1934இல் வைத்த போட்டியில் உலக சாம்பியன் அலெக்கின், 65 வயது முன்னாள் சாம்பியன் லாஸ்கரோடு ஆடினார். 26ஆவது நகர்த்தலில் அலெக்கின் தன் ராணியைச் சிப்பாயின் வாயில் வைத்தார். லாஸ்கர் அதைத் தொடவில்லை. அந்த இடத்திலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

19 ஆண்டு கழித்து, 1953 ஆகஸ்டிலிருந்து ஒக்டோபர்வரை, நொய்ஹவுசனிலும் சூரிச்சிலுமாக 15 பேர் உலகப் பட்டத்துக்கு உரிமை கேட்டு ஆடினார்கள். ஸ்மிஸ்லோவ் வென்றார். ஆனால் ஜனங்கள் இன்றுவரை பேசுகிறது யூரி அவெர்பாக்குக்கும் அலெக்சாண்டர் கோட்டோவுக்கும் நடந்த ஆட்டத்தை. கறுப்புக் காயோடு ஆடிய கோட்டோவ் 30ஆவது நகர்த்தலில் ராணியைக் கொண்டுபோய் வெள்ளை ராசாவின் வாசலில் நின்ற சிப்பாயை வெட்டினார். அவெர்பாக் ராசாவால் அந்த ராணியை எடுத்தாகவேண்டும். எடுத்த ராசா தெருவுக்கு வந்துவிட்டார். குதிரையும் கோட்டையும் மாறி மாறிச் செக் வைக்க, அந்த ராசா நடுப்பலகையில் இரண்டு கட்டத்துக்கிடையே அங்குமிங்கும் அலைந்தார். 51ஆவது நகர்த்தலில் கதை முடிந்தது. அழகான ஆட்டத்துக்கான பரிசு கோட்டோவுக்கு. பறிகொடுத்த ராணிக்குக் கிடைத்த கைதட்டல் அது.

அவெர்பாக் நூறு வயது வாழ்ந்தார்; 1922இல் பிறந்து 2022இல் இறந்தார். ஆட்டத்தை விட்டபிறகு அதன் வரலாற்றில் இறங்கினார். 1980களில், அஸ்-ஸூலியின் அந்த நாலு காய்ப் புதிரை விடுவித்தவர் அவர்தான். ஒரு கட்டத்துக்கு மேல் நகரத் தெரியாத மந்திரி எப்படி இன்னொரு மந்திரியைப் பிடிக்கும் என்று, ராணியிடம் அடிபட்ட மனிதர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்.

இப்போது வருகிற பெட்டி விளையாட்டுகளிலும், தலைவன் மறைந்திருக்க அடுத்தவர் முன்னால் நிற்கிற அதே சங்கதிதான். 2004இல் மூன்று இத்தாலியர் டோல்கியனின் கதையை வைத்து உருவாக்கிய ‘வார் ஆஃப் த ரிங்’ பெட்டிக்குள் கொடியவன் சவுரோனுக்குப் பொம்மை கிடையாது. அவனுக்காகப் பலகையில் ஏறுவது சாருமான், சூனிய வேந்தன், சவுரோனின் வாய் என்கிற தூதன். அடி வாங்குவதும் பயமுறுத்துவதும் அந்த மூவர்.

லிண்டன்ஹோஃபில் என்னோடு ஆட வருகிற எங்கள் பையன்கள் கொஞ்சப் பேர் ராணியைக் கண்ணைப்போலக் காப்பாற்றுவார்கள். கரையில் நின்று, “அண்ணை, ராணியைக் குடுத்திடாதேங்கோ!” என்று கத்துவார்கள். பலம் வந்தபிறகு ராசாவுக்கு என்ன நடந்தது என்று அவர்கள் யோசிப்பதில்லை. மந்திரி ஒரு கட்டம் நகர்ந்த காலத்தில் ராசா பலகையின் நடுவில் சாவகாசமாக நிற்கலாம். எதிரி வந்துசேரவே வெகுநேரமாகும். ராணி பாயத் தொடங்கியதும் ராசா ஒளிந்துகொள்ள ஒரு புது விதி வேண்டியிருந்தது. மூலைக்குப் போய், கோட்டையைப் பக்கத்தில் வைத்து, மூன்று சிப்பாய்க்குப் பின்னால் பதுங்குகிற அந்த நகர்த்தல் ராணிக்குப் பலம் வந்த பிறகுதான் உருவெடுத்தது. தன் இரண்டாமவளுக்கு ஒரு ராசா கொடுக்கிற அதிகாரம் எதிர்த்தரப்பின் இரண்டாமவளுக்கும் அதே நிமிடத்தில் போய்விடுகிறது. விதி இரு பக்கத்துக்கும் ஒன்று. ஆகவே பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்கிறது ராணியைக் காப்பாற்றுவதை அல்ல. எதிரியின் ராணிக்கு உங்கள் ராணி எவ்வளவோ அவ்வளவு கை நீளம் என்பதை எண்ணிவிட்டு, ராசாவுக்கு இடம் பாருங்கள் என்பேன்.